பாடசாலை முற்றத்தில் ஒரு கோல் நட இடம் தாருங்கள்

திருகோணமலை மாவட்டப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும் விஞ்ஞான, கணித ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் கொஞ்சம் இடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். பாடசாலை வளாகத்தில் ஒரு பாய் விரிக்கிற அளவு மட்டமான நிலம் போதும். காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் நாலு மணிவரை அதில் மர நிழலோ கட்டட நிழலோ விழக்கூடாது. அங்கே ஒரு மீற்றர் உயரக் கோல் ஒன்றை நடுவோம். நட்ட கோலை ஒரு வருடத்துக்காவது யாரும் பிடுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் கோரிக்கை அவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்தக் கோலிலிருந்து தானாக வரும்.

நான் ஆசிரியர் இல்லை. உவர்மலையில், வீட்டுப் பின்முற்றத்தில், தொலைநோக்கி வருவதற்கு முந்திய காலத்து வானியல் கருவிகளைப் பலகையிலும் நூலிலும் செய்து பார்ப்பவன். கால்வட்டம், குறுக்குக்கோல், கமால், சூரியக் கடிகாரம், நட்சத்திரங்களின் உயரத்தை அளக்கும் வட்டத் தகடான அஸ்ட்ரோலேப் என்று ஒவ்வொன்றாகச் செய்து, செய்த கருவியால் உண்மையாகவே வானத்தை அளந்து பார்ப்பதில் எனக்குத் தீராத ஆசை. அயல் வீட்டுப் பிள்ளைகள் வந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கொஞ்ச நேரத்தில் மரம் அரியும் வாளைத் தாங்கள் வாங்கிக்கொள்வார்கள். அவர்களோடு பழகிப் பார்த்ததில் ஒரு விஷயம் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பூமியின் அச்சு 23½ பாகை சரிந்திருக்கிறது என்று எல்லாரும் எழுதுவார்கள், புள்ளியும் எடுப்பார்கள். அந்தச் சரிவு தங்கள் வீட்டு முற்றத்தில் என்ன செய்கிறது என்று கேட்டால் தெரியாது. ஜூன் மாதத்து நண்பகலில் உன் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று கேட்டால் யோசிக்கிறார்கள். இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரியவர்கள் நாங்கள் காட்டவில்லை.

காட்டுவதற்கு இதைவிட நல்ல ஊர் கிடைக்காது. திருகோணமலை வடக்கு அகலக்கோடு 8 பாகை 34 கலையில் இருக்கிறது (ஒரு பாகைக்கு 60 கலை). ஐரோப்பாவில் இருப்பவருக்கு நண்பகல் நிழல் வருடம் முழுக்க வடக்கே மட்டும்தான் விழும். எங்களுக்கு ஏப்ரல் 11, 12 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும், நட்ட கோலுக்கு நிழலே இராது. புத்தாண்டுக்கு உடுப்பு எடுக்க ஊரே கடைத்தெருவில் நிற்கிற நாட்கள் அவை. அதற்கு அடுத்த நாளிலிருந்து நண்பகல் நிழல் தெற்குப் பக்கம் விழத் தொடங்கி, ஓகஸ்ட் 30, 31 வாக்கில் மறுபடி மறைந்து, பிறகு வடக்கே போகும். ஏறத்தாழ நாலரை மாதம் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கிறது. ஒரு மீற்றர் கோலை வைத்து அளந்தால் ஜூன் 21இல் நண்பகல் நிழல் தெற்கே 26½ சென்ரிமீற்றர், டிசம்பர் 21, 22இல் வடக்கே 62½ சென்ரிமீற்றர்.

இந்த இரண்டு எண்களையும் தரம் 11 பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். நிழலைக் கோலின் உயரத்தால் வகுத்து, தாஞ்சன் அட்டவணையில் கோணத்தை எடுத்தால் ஜூன் நிழலுக்கு 14.9 பாகை வரும், டிசம்பர் நிழலுக்கு 32 பாகை வரும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 23.4. பூமியின் அச்சுச் சரிவு அதுதான். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துப் பாதியாக்கினால் 8.5. அது திருகோணமலையின் அகலக்கோடு. ஒரு தடியும் ஒரு அளவுநாடாவும் இந்த இரண்டையும் தந்துவிடுகின்றன. புத்தகத்தில் மனப்பாடம் செய்த எண் தன் கையால் கீறிய கோட்டிலிருந்து எழும்பி வரும்போது ஒரு பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்பதை நீங்கள் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கோலை நட்டதும் முதல் வேலை திசை பார்ப்பது. திசைகாட்டி தேவையில்லை. கோலின் அடியை மையமாக வைத்து ஒரு வட்டம் கீற வேண்டும். காலையில் நீண்டு கிடக்கும் நிழல் சுருங்கிச் சுருங்கி, அதன் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. பின்னேரம் நிழல் நீண்டு வட்டத்தை விட்டு வெளியேறும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்கு. கோயில் கட்டுகிற ஸ்தபதிகள் மனை வகுக்கப் பாவித்த முறை இது, அந்தக் கோலைச் சங்கு என்பார்கள். அரண்மனைக்கு இடம் குறிக்கும்போது இரண்டு கோல் நட்டு, நிழல் எந்தப் பக்கமும் சாயாத நண்பகலில் கயிறு பிடித்ததை நெடுநல்வாடை சொல்கிறது. தமிழ் ஆசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒரே நாளில், ஒரே முற்றத்தில், ஒரே பாடத்தைச் சேர்ந்து எடுக்கலாம்.

அப்புறம் மணி. மணிக்கூட்டில் 12 ஆனால் நண்பகல் என்று எல்லாரும் நினைக்கிறோம். இலங்கை நேரம் 82½ பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்கு உரியது. நாங்கள் இருப்பது 81¼ பாகைக்குப் பக்கத்தில். அதனால் எங்கள் நண்பகல் ஐந்து நிமிடம் பிந்தி. அதோடு, பூமியின் பாதை முழு வட்டமாக இல்லாததாலும் அச்சு சரிந்திருப்பதாலும் சூரியன் சில மாதங்களில் முந்தும், சில மாதங்களில் பிந்தும். நவம்பர் தொடக்கத்தில் திருகோணமலையின் உண்மையான நண்பகல் 11.49 மணிக்கே வந்துவிடும். பெப்ரவரி நடுவில் 12.19 வரை காத்திருக்க வேண்டும். வாரம் ஒரு நாள், மணிக்கூட்டில் சரியாக 12 அடிக்கும்போது நிழலின் நுனியில் ஒரு ஆணி அடித்துக்கொண்டு வந்தால், வருட முடிவில் நிலத்தில் எட்டு வடிவம் ஒன்று தெரியும். எங்கள் ஊரில் அந்த எட்டு, கோலின் இரண்டு பக்கமும் படுத்திருக்கும்.

நிழல் நுனி தெளிவாக இராது. சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் அரைப் பாகை அகல வட்டாக இருப்பதால், ஒரு மீற்றர் கோலின் நிழல் நுனி ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு மங்கும். இதற்கு 13ஆம் நூற்றாண்டிலேயே வழி கண்டவர் சீனத்து குவோ ஷோஜிங். நிழல் விழும் இடத்துக்குச் சற்று மேலே துளையுள்ள ஒரு சின்னத் தகட்டைச் சரித்துப் பிடித்தால், மங்கல் போய்க் கூர்மையான கோடு விழும். இப்படி நாற்பது சீன அடிக் கோலின் நிழலை அளந்துதான் அவர் ஆண்டின் நீளத்தை 365.2425 நாள் என்று எடுத்தார். 1582இல் ஐரோப்பாவின் கத்தோலிக்க நாடுகள் ஏற்றுக்கொண்ட, இன்று எங்கள் சுவரில் தொங்குகிற கலண்டரின் எண்ணும் அதுவேதான்.

சரி, இனி கால்வட்டம். நான் செய்த கருவிகளில் பிள்ளைகளுக்கு மிகப் பிடித்தது இது. ஒரு ஒட்டுப்பலகைத் துண்டில் கால்வட்டம் ஒன்று வெட்ட வேண்டும். ஆரை 57.3 சென்ரிமீற்றர். ஏன் இந்த எண்? அந்த ஆரையுள்ள முழு வட்டத்தின் சுற்றளவு 360 சென்ரிமீற்றர். அதனால் ஒரு பாகைக்கு ஒரு சென்ரிமீற்றர். தையற்காரர் பாவிக்கிற அளவுநாடாவில் 90 சென்ரிமீற்றர் வெட்டி, வளைந்த விளிம்பில் ஒட்டிவிட்டால் பாகைக் கோடுகள் கீறுகிற பெரிய வேலை முடிந்தது. ஒரு மில்லிமீற்றர் என்றால் 6 கலை. வட்டம் கீறும்போது நூல் பிடிக்காதீர்கள், நூல் இழுபடும். ஒரு மெல்லிய சட்டத்தில் 57.3 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு துளை போட்டு, ஒன்றில் ஆணி, மற்றதில் பென்சில். ஒட்டுமுன் நாடாவை உருக்கு அடிமட்டத்தோடு வைத்துச் சரிபார்க்க வேண்டும், துணி நாடாக்கள் சில நீண்டுபோயிருக்கும்.

மையத்து ஆணியில் தங்கூசி (நைலோன் நூல்) கட்டி, கீழே மீன்பிடிச் சாமான் கடையில் வாங்கிய ஈயக்குண்டைத் தொங்கவிட வேண்டும். நேர் விளிம்பு ஒன்றில் இரண்டு சின்னத் தகடுகள். சூரியன் பக்கம் உள்ளதில் இரண்டு மில்லிமீற்றர்த் துளை, மற்றதில் ஒரு சிலுவைக் குறி. சூரியனை யாரும் பார்க்க வேண்டியதில்லை, பார்க்கவும் கூடாது. துளை வழியே வரும் ஒளிப்பொட்டு சிலுவையின் நடுவில் விழும்வரை கருவியைச் சாய்த்து, தங்கூசி நாடாவில் எந்த எண்ணைத் தொடுகிறது என்று இன்னொரு பிள்ளை வாசித்தால் போதும். மே மாதம் கச்சான் காற்று எழும்பினால் குண்டு ஆடிக்கொண்டே இருக்கும். பால்மா டின் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, குண்டு அதற்குள் மூழ்கும்படி வைத்தால் ஆட்டம் அடங்கிவிடும். மாரிக்குப் பலகை ஊதும், அதனால் இரண்டு பூச்சு வார்னிஷ் அவசியம்.

அந்த ஒரு மில்லிமீற்றரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கில் டைக்கோ பிராஹே இதே மாதிரிக் கருவிகளைப் பெரிதாகச் செய்தார். சுவரோடு பொருத்திய அவருடைய கால்வட்டத்தின் ஆரை ஏறத்தாழ 2 மீற்றர். வில்லையே இல்லாமல், வெறும் கண்ணால், ஒரு கலை அளவு துல்லியம் வரை போனார். அவர் இறந்த பிறகு வானியலாளர் கெப்ளர் அந்த அளவுகளை எடுத்துச் செவ்வாயின் பாதையைக் கணித்தார். கோள்கள் வட்டத்தில் போகின்றன என்ற பழைய கணக்குக்கும் டைக்கோவின் அளவுக்கும் 8 கலை வித்தியாசம் வந்தது. வேறு யாராவது என்றால் கருவிப் பிழை என்று விட்டிருப்பார்கள். டைக்கோ அப்படிப் பிழைவிடுகிற ஆள் இல்லை என்று கெப்ளருக்குத் தெரியும். அந்த 8 கலையை விடாமல் பிடித்ததால்தான் கோள்கள் நீள்வட்டத்தில் போகின்றன என்று 1609இல் எழுத முடிந்தது. 8 கலை என்பது எங்கள் அளவுநாடாவில் ஒன்றரை மில்லிமீற்றர்கூட இல்லை. நாடாவில் அந்த இடைவெளியைப் பார்த்துத் தலை நிமிர்ந்த பிள்ளைக்கு, துல்லியம் ஏன் முக்கியம் என்று நான் விளக்க வேண்டி வந்ததில்லை.

அதே நாடாவால் பூமியையும் அளக்கலாம். மூதூரும் குச்சவெளியும் எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே வடக்கு தெற்காக ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தள்ளி இருக்கின்றன. ஒரே நாள் நண்பகலில் இரண்டு ஊர்ப் பாடசாலைகளும் சூரியனின் உயரத்தை எடுத்தால், வித்தியாசம் ஏறத்தாழ 22 கலை, நாடாவில் கிட்டத்தட்ட 4 மில்லிமீற்றர். அது போதாது என்றால் பருத்தித்துறைப் பாடசாலை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூதூரோடு ஒப்பிட்டால் 13, 14 மில்லிமீற்றர் வரும், வடக்கு தெற்குத் தூரம் ஏறத்தாழ 150 கிலோமீற்றர். பாகையும் தூரமும் கையில் இருந்தால் முழுச் சுற்றளவு ஒரு பெருக்கல் கணக்கு. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் செய்தது இதைத்தான். எங்கள் பிள்ளைகள் ஒரு தொலைபேசி அழைப்போடு செய்துவிடலாம்.

இது துறைமுக ஊர். இந்தக் கருவிகளில் பாதி, கப்பலில் ஏறி உலகம் சுற்றியவை. 1660இல் கொட்டியாரக் குடாவில் ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ் பிடிபட்ட காலத்தில், ஆங்கிலக் கப்பல்களில் சூரியனின் உயரத்தைப் பார்க்கப் பேக்ஸ்டாஃப் என்ற மரக்கருவி இருந்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோன் டேவிஸ் என்ற மாலுமி வடிவமைத்தது. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, நிழல் விளிம்பையும் அடிவானத்தையும் ஒரே பார்வையில் பொருத்துவது. கண்ணுக்கு ஆபத்தில்லை, முழுக்க மரம், ஒரு சனிக்கிழமை பின்னேரத்தில் செய்துவிடலாம். கண்ணாடி வைத்த ஒக்ரன்ட் என்ற உயரமளக்கும் கருவி 1731 வாக்கில்தான் வந்தது.

அதைவிடப் பழையதும் எளியதும் கமால். அராபிய மாலுமிகளும் இந்திய மாலுமிகளும் பாவித்தது. நீள்சதுரப் பலகைத் துண்டின் நடுவில் ஒரு நூல், நூலில் முடிச்சுகள். முடிச்சைப் பல்லில் கடித்து நூலை இறுக்கிப் பிடித்தால், பலகையின் கீழ் விளிம்பு அடிவானத்திலும் மேல் விளிம்பு துருவ நட்சத்திரத்திலும் நிற்க வேண்டும். ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகம். திருகோணமலைக்கு 9 சென்ரிமீற்றர் உயரப் பலகையும் 60 சென்ரிமீற்றர் நூலும் சரியாக வரும், ஏனென்றால் துருவ நட்சத்திரம் எங்களுக்கு 8, 9 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. அவ்வளவு தாழ்வான நட்சத்திரத்தைப் பிடிக்க வடக்கே திறந்த கடல் வேண்டும். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையில் நின்றால் அந்தக் கடல் இருக்கிறது. மாரி முடிந்து மாசி, பங்குனியில், வானம் தெளிந்த, அடிவானம் தெரிகிற இரவாகப் பார்த்துப் போக வேண்டும், அடிவானத்தில் புகார் இருந்தால் தெரியாது. சித்திரை, வைகாசி இரவுகளில் என்றால் தெற்குப் பக்கம் திரும்பித் தென்சிலுவையையும் பார்த்துவிடலாம், அதன் அடி நட்சத்திரமே 18 பாகை வரை எழும்பும். இரண்டு துருவத்து அடையாளங்களையும் ஒரே இரவில் பார்க்கக் கொடுத்துவைத்த ஊர் இது. எங்கள் மீனவரின் படகுகளில் இன்று ஜிபிஎஸ் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். ஆனால் விடிவெள்ளியையும் கார்த்திகையையும் பார்த்து வலைக்குப் போன மூத்தவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். கமாலோடு பிள்ளைகளை அவர்களிடம் கூட்டிக்கொண்டு போய் இருத்த வேண்டும்.

கிண்ணியா, மூதூர் ஆசிரியர்களுக்குத் தனியே ஒன்று. அஸர் எனும் பின்னேரத் தொழுகையின் நேரம் நிழலால் வரையறுக்கப்பட்டது. நண்பகல் நிழலின் நீளத்தோடு பொருளின் உயரத்தையும் சேர்த்த அளவுக்கு நிழல் நீளும்போது அந்த நேரம் தொடங்குகிறது. இந்தத் தேவையும்தான் இஸ்லாமிய உலகத்து வானியலாளர்களை அஸ்ட்ரோலேப்பிலும் சூரியக் கடிகாரத்திலும் அவ்வளவு தூரம் கொண்டுபோனது. உங்கள் பாடசாலையில் நடும் கோல் விஞ்ஞானப் பாடத்துக்கும் தொழுகை அட்டவணைக்கும் ஒன்றாகவே வேலை செய்யும்.

சூரியக் கடிகாரம் வைக்க விரும்புகிற பாடசாலைகளுக்கு ஒரு எச்சரிக்கை. அலங்காரத்துக்கென்று விற்கிற வெளிநாட்டுக் கடிகாரத்தை வாங்கி வைக்காதீர்கள். லண்டனுக்குச் செய்தது என்றால் அதன் முள் 51½ பாகை எழும்பி நிற்கும், இங்கே அது மணியைச் சரியாகக் காட்டாது. முள் புவி அச்சுக்குச் சமாந்தரமாக நிற்க வேண்டும், திருகோணமலையில் அது 8½ பாகைதான். ஜெய்ப்பூரில் இரண்டாம் ஜெய்சிங் மன்னர் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய 27 மீற்றர் உயரச் சாம்ராட் யந்திரம் 27 பாகை சரிவில் நிற்பதும் இதே காரணத்தால்தான். அதன் நிழல் விநாடிக்கு ஒரு மில்லிமீற்றர் நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எங்களுக்கு மிக வசதியான வடிவம் வேறு. ஒரு தட்டைப் பலகையை வடக்குப் பக்கம் 8½ பாகை உயர்த்தி, அதன் நடுவில் 10 சென்ரிமீற்றர் உயர மெல்லிய தகட்டை வடக்கு தெற்காக நிறுத்த வேண்டும். மணிக்கோடுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று சமாந்தரம். நண்பகல் கோட்டிலிருந்து ஒரு மணிக்கு 2.7 சென்ரிமீற்றர், இரண்டு மணிக்கு 5.8, மூன்று மணிக்கு 10, நாலு மணிக்கு 17.3. இவையும் தாஞ்சன்தான், 15 பாகைப் படிகளில். தாஞ்சன் எங்கே உதவும் என்று கேட்கிற மாணவனுக்குக் கையில் கொடுக்கப் பதில் இருக்கிறது.

பொங்கலைப் பற்றியும் கோல் ஒன்று சொல்லும். தை பிறக்கும்போது சூரியன் வடக்கே திரும்புகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். கோலின் நிழல் டிசம்பர் 21, 22இலேயே திரும்பிவிடும். காரணம், புவி அச்சு மெல்லச் சுழல்கிறது. நட்சத்திரங்களை வைத்து எண்ணும் எங்கள் மாதங்கள் ஏறத்தாழ 72 வருடத்துக்கு ஒரு நாள் வீதம் பருவத்திலிருந்து விலகி வந்திருக்கின்றன. ஏறக்குறைய 1700 வருடங்களுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன. இதைச் சொன்னால் பொங்கலின் மதிப்புக் குறையாது. எவ்வளவு பழைய எண்ணிக்கையை விடாமல் கொண்டுவருகிறோம் என்று பிள்ளைக்கு விளங்கும், எனக்கு அது பெருமையான விஷயம். டிசம்பரில் எங்களுக்கு மழை, வானம் மூடியிருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். அதற்கும் பழைய வழி உண்டு. மழை விட்ட ஒரு நாளில் நண்பகல் நிழலை அளந்து வைத்து, திருப்பத்துக்குப் பிறகு அதே நீளம் மறுபடி எப்போது வருகிறது என்று பார்த்து, இரண்டு நாட்களுக்கும் நடுவை எடுத்தால் போதும். திருப்பத்து நாளில் நிழல் அசைவது தெரியவே தெரியாது என்பதால், தெளிந்த வானத்திலும் இதுதான் நல்ல முறை.

இப்போது மனவருத்தமான ஒன்று. எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலைக்கு நல்லதொரு தொலைநோக்கி நன்கொடையாக வந்தது. பொறுப்பான ஆசிரியர் மாற்றலாகிப் போனார். அதன் பிறகு அது அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. கடல் காற்றுக்கு வில்லையில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் ஒருவரும் அதைத் தொட்டதில்லை. இன்னொரு பக்கம், கண்காட்சிகளுக்கு வருகிற சூரியக் கடிகாரங்கள். கடையில் சொல்லிச் செய்வித்து, வர்ணம் பூசி, மேசையில் வைத்து, நடுவர்கள் பார்த்துப் போனதும் குப்பைக்குப் போகின்றன. அவற்றில் ஒன்றையாவது வெயிலில் வைத்து மணி பார்த்ததை நான் காணவில்லை. கொழும்பில் 1965இல் கட்டிய கோள்மண்டலம் இருக்கிறது, மொரட்டுவையில் ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில் 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி இருக்கிறது. சுற்றுலாவாகக் கூட்டிக்கொண்டு போங்கள், நல்லது. ஆனால் பஸ்ஸில் இருந்து இறங்கி வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு அடுத்த நாள் காலையில் செய்ய ஒன்று வேண்டும். ஒட்டுப்பலகைக் கால்வட்டம் உடைந்தால் இன்னொன்று வெட்டலாம். பிள்ளைகளின் கைக்குக் கொடுக்கப் பயப்பட வேண்டாத கருவி அது.

2019 டிசம்பர் 26 காலை வளையச் சூரிய கிரகணத்தின் பாதை எங்கள் பக்கத்துக்கு மேலாலும் போனது. எங்கள் ஒழுங்கையில் பல வீடுகளில் பிள்ளைகளை வெளியே விடவே இல்லை. பெற்றோரின் பயம் நியாயமானது. சூரியனை நேரே பார்த்தால் கண் போய்விடும். ஆனால் ஒரு அட்டையில் ஊசித்துளை போட்டு, முதுகைத் திருப்பி நின்று, நிலத்தில் விழும் ஒளியைப் பார்க்கலாம் என்று எந்தப் பிள்ளைக்கும் கை பழகியிருக்கவில்லை. கால்வட்டத்துத் தகட்டில் ஒளிப்பொட்டைப் பிடித்துப் பழகிய பிள்ளைக்கு அது இயல்பாக வரும்.

ஆகவே கேட்பவை இவை. அந்த நிலமும் கோலும். கோட்டைப் பக்கத்துப் பாடசாலைகள் சுற்றிவரச் சின்ன வேலி ஒன்று போட்டால் நல்லது, மான்கள் வந்து உரசும். பிறகு, உங்கள் மரவேலை அறையின் திறப்பைச் சனிக்கிழமை பின்னேரங்களில் ஒரு ஆசிரியரின் பொறுப்பில் தர வேண்டும். ஓடாவிமாரிடம் கழிவுப் பலகை கேட்டால் மனமுவந்து தருவார்கள், நான் கேட்டு வாங்கியிருக்கிறேன். நண்பகலுக்கு நிழல் குறிக்க இரண்டு பிள்ளைகளைப் பத்து நிமிடம் வகுப்பிலிருந்து விட வேண்டும், அளவுகள் எழுத ஒரு கொப்பி வேண்டும். அந்தக் கொப்பி பாடசாலையின் சொத்தாக இருக்கட்டும். ஒரு வகுப்பு எழுதியதை அடுத்த வருட வகுப்பு தொடரட்டும். இதற்குப் போட்டி வைக்காதீர்கள், புள்ளி போடாதீர்கள் என்பது என் தாழ்மையான வேண்டுகோள். புள்ளி போட்டால் பிள்ளை அளந்ததை எழுதாமல், வர வேண்டிய விடையை எழுதத் தொடங்கிவிடும். அப்படி ஆனால் இந்த முயற்சியில் மிஞ்ச ஒன்றுமில்லை.

ரியூஷனுக்கு நேரம் போதாத காலம் என்பது எனக்கும் தெரியும். சாதாரண தரப் பரீட்சையில் கால்வட்டத்துக்குக் கேள்வி வராது. ஆனால் கோணம், விகிதம், தாஞ்சன், அளவீட்டு வழு, புவி அச்சு, பருவகாலம் எல்லாம் வரும். அவற்றைத்தான் பிள்ளைகள் இந்த முற்றத்தில் வெயிலில் நின்று செய்யப்போகிறார்கள்.

முதலில் சம்மதிக்கிற பாடசாலைக்குக் கால்வட்டம் ஒன்றும், கமால்கள் ஒரு வகுப்புக்குப் போதுமான அளவும் நானே செய்து தருகிறேன், காசு வேண்டாம். செய்கிற விதத்தைப் பிள்ளைகளோடு நிலத்தில் இருந்து காட்டித் தருகிறேன். கோல் நடுவதற்கு எந்த மாதமும் நல்ல மாதம்தான், ஆனால் பங்குனிக்குள் நட்டுவிட்டால் ஏப்ரலில் நிழல் நாளுக்கு ஆறேழு மில்லிமீற்றராகச் சுருங்கி மறைவதைப் பிள்ளைகள் முதல் தவணை விடுமுறைக்கு முன்னரே பார்க்கத் தொடங்கிவிடலாம். இடத்தைக் காட்டுங்கள், மட்டம் பார்க்க நீர்மட்டமும் தூக்குக்குண்டும் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
அன்புடன்,
உவர்மலையிலிருந்து பழங்கால வானியல் கருவிகளைச் செய்து பார்க்கும் ஒருவர்
திருகோணமலை